கதவுக்கு மேல் போன ஸ்பீக்கர் வயர்

ஸ்பீக்கர் வயரின் தோலை உரித்ததும் உன் வாசனை வந்தது. சிரிக்காதே. மற்றவர்கள் பெண்டாட்டியை நினைத்தால் பூ வாசனை, பவுடர் வாசனை என்று எழுதுவார்கள். எனக்கு வந்தது பிளாஸ்டிக்கும் செம்பும் கலந்த வாசனைதான். வேலை முடிந்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, மாடிப்படி ஏறி நீ உள்ளே நுழையும்போது உன் விரல்களில் இருக்குமே, அதே வாசனை. எந்தச் சோப்புக்கும் அது போனதில்லை. நம் மகள் கவிதாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போதும் இருக்கும்.

இன்று காலை மாத்தூரில் அவள் வீட்டு ஹாலில், தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். எதிரே நம் பழைய பாட்டு செட். கையில் அந்த வயர். வயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது, நம் வீட்டுக் கடல்காற்று செய்த வேலை. அதை நறுக்கிவிட்டுப் புதிதாகத் தோல் உரிக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் பல்லால் கடிக்கப் போனேன். உடனே உன் குரல்.

"பல்லு போச்சினா மொளைக்காதுய்யா. நகவெட்டி எட்தா."

எழுந்து போய் எடுத்து வந்தேன். போய்ச் சேர்ந்த பிறகும் உன் அதிகாரம் குறையவில்லை. நேற்று சாயங்காலம் கவிதா ஒரு விஷயம் சொன்னாள். அதிலிருந்து என் மனது ஒரு நிலையில் இல்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், ஒன்று கேட்க வேண்டும். கேட்டால் நீ பதில் சொல்லப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நீ வேலை பார்த்த கம்பெனிக்கு நான் ஒரே ஒரு முறை உள்ளே வந்திருக்கிறேன், ஆயுத பூஜை அன்று. லாரிகளுக்கு வேண்டிய வயர்க் கட்டுகளைச் செய்கிற இடம். பெரிய பலகையில் ஆணிகள் அடித்திருந்தன. நீங்கள் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டு, அந்த ஆணிகளுக்கு நடுவே கலர் கலராக வயரை ஓட்டி, முனையில் கிளிப்பை வைத்து நசுக்கி, டேப் சுற்றுவீர்கள். நசுக்கிய முனையை அப்படியே விட்டுவிடக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்துவிட்டால் மறுபடியும் செய். வராவிட்டால் அடுத்ததுக்குப் போ.

அந்தப் பழக்கத்தை நீ கம்பெனியிலேயே விட்டுவிட்டு வரவில்லை. கேஸ் டியூபை மாட்டினால் ஒரு இழுப்பு. என் சாப்பாட்டு டப்பாவை மூடினால் ஒரு இழுப்பு. கவிதாவுக்குப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி ஒரு இழுப்பு, அவள் ஆவென்று கத்துவாள். நம் கல்யாணத்தில் என் தங்கை போட்ட மூன்றாவது முடிச்சைக்கூட, மணையில் உட்கார்ந்தபடியே, தலையைக் குனிந்து மெல்ல இழுத்துப் பார்த்தாய். என் தங்கை அதைப் பார்த்துவிட்டாள். இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

செட் வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? பர்மா பஜாரில் ஒரு கடையின் உள்ளே, கீழ்த் தட்டில் தூசியோடு கிடந்தது. கப்பலில் வந்த பழைய சரக்கு. நெற்றியில் ரிசீவர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நமக்கு அது என்றைக்கும் ஆம்ப்ளிதான். நான் ஏதோ டேப் ரிக்கார்டர் வாங்கலாம் என்று கூட்டிப் போனால், நீ அந்த ஆம்ப்ளியையும் ரெண்டு மர ஸ்பீக்கர் பெட்டியையும் விட்டு நகர மாட்டேன் என்றாய். ஆட்டோவில் ஆம்ப்ளி உன் மடியில், பெட்டிகள் என் காலுக்கடியில். ராயபுரம் பாலத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது என்னைப் பிடிக்கவில்லை நீ, ஆம்ப்ளியைத்தான் கட்டிப் பிடித்தாய்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் மாட்டுவேன் என்று உட்கார்ந்தேன். ஆண்பிள்ளை அல்லவா. ஆம்ப்ளியின் முதுகில் நாலு கிளிப். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு. வயரில் ரெண்டு கம்பி, ஒன்று செம்பு நிறம், இன்னொன்று வெள்ளி நிறம். சிவப்புக்கு எது, கறுப்புக்கு எது என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. கிளிப்பை அமுக்கு, கம்பியைச் சொருகு, விடு. பாட்டு வந்தது. அடேயப்பா என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

நீ மட்டும் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாய்.

"நடுவுல ஆள் இல்லியேய்யா."

எனக்கு விளங்கவில்லை. பாடுகிறாரே என்றேன். பாடுகிறார், ஆனால் எங்கே நின்று பாடுகிறார் என்று கேட்டாய். காது கொடுத்துக் கேட்டேன். உண்மைதான். குரல் சுவரெல்லாம் கரைந்து கிடந்ததே தவிர, ஓர் இடத்தில் இல்லை. நீ முந்தானையைச் செருகிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போனாய். ஒரு பெட்டிக்கு நான் கம்பிகளை மாற்றிச் சொருகியிருந்தேன். உருவி, நூல் நூலாகப் பிரிந்திருந்த செம்பை ஒரே பக்கமாக முறுக்கி, ஒரு நூல்கூட பக்கத்துக் கம்பியைத் தொடாமல் சரியான கிளிப்பில் விட்டாய். இழுத்துப் பார்த்தாய். பிறகு எனக்குப் பாடம்.

"ரெண்டு பொட்டியும் ஒன்னா மூச்சு வுடணும். ஒன்னு இழுக்க சொல்லோ இன்னொன்னு வுட்டா, அந்தாளு எங்க தான் நிப்பாரு?"

மறுபடியும் பாட்டைப் போட்டாய். பாடகர் மேஜைக்கு மேலே, காலண்டருக்குக் கீழே, சரியாக நடுவில் வந்து நின்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரைக்கும் எனக்குப் பாட்டு என்றால் பாட்டு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நம் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள். மீன் குழம்பு முடிந்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருவாய். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். நமக்கு என்ன? நீ விரலை நீட்டிக் காட்டுவாய். தபேலா கிச்சன் பக்கம், வயலின் ஜன்னல் பக்கம், ஆள் நடுவில். விருந்தில் யாரை எங்கே உட்கார வைத்திருக்கிறது என்று காட்டுகிற மாதிரி. வலது பக்கம் அந்த ஜன்னல், அதைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். இடது பக்கம் கிச்சன் கதவு, அதைத் தாண்டி பீரோ. அவ்வளவுதான் நம் ஹால். அதற்குள் ஒரு கச்சேரியே உட்கார்ந்திருந்தது.

என் காது போன கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் பூட்டி வைத்திருந்த கதை.

யார்டில் கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டினேன் அல்லவா, அதன் இன்ஜின் சத்தம் வருஷக்கணக்கில் என் வலது காதைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் போன் வந்தது. வலது காதில் வைத்தேன். சத்தமே இல்லை. போன் கெட்டுவிட்டது என்று தட்டினேன். இடது காதுக்கு மாற்றினால், அந்தப் பக்கம் என் தங்கை கத்திக்கொண்டிருக்கிறாள்.

யாரிடமும் சொல்லவில்லை. யார்டில் தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் அந்தப் பேருக்கு. சின்ன வயதில் நாங்கள் பையன்கள் எல்லாம் சேர்ந்து தெருவில் ஒருவரை டமாரச் செவிடு, டமாரச் செவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடியிருக்கிறோம். அந்தப் பேர் என் தலையில் விழுவதா? பஸ்ஸில் வலது பக்கம் ஜன்னலோரமாக உட்காரப் பழகினேன். கல்யாண வீடுகளில் சுவர் ஓரமாக நின்றேன். பாதி கேட்டால் மீதிக்குத் தலையை ஆட்டிச் சிரித்து வைத்தேன். காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அந்த நாட்களில்தான் ஒரு காலை, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், ஜன்னல் பக்கத்துப் பெட்டியைக் காணோம். அது பீரோவை ஒட்டி, என் நாற்காலிக்கு இடது பக்கமாக ஒரு முக்காலியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்காகக் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்த புது நீள வயர், ஆம்ப்ளியிலிருந்து கிளம்பி, சுவரோடு போய், கிச்சன் கதவுக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பீரோவுக்குப் பின்னால் நுழைந்திருக்கிறது. வழி நெடுக ஆணி, ஆணிக்கு ஆணி டேப். உன் கம்பெனிப் பலகையை அப்படியே சுவரில் போட்டிருந்தாய்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இன்னாமே இது? கல்யாண வூட்டு சீரியல் லைட்டு கணக்கா?"

"ஜன்னலாண்ட சாரல் அடிக்குதுய்யா. பொட்டி ஊறிப் பூடும்," என்றாய். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், என்னைப் பார்க்கவில்லை.

சரி, பெட்டிக்காகத்தானே என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றா சொன்னேன்? எத்தனை வருஷம் அந்த வயரைத் திட்டியிருப்பேன்! வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போதெல்லாம் பிடுங்கிப் போடு என்பேன். நீ ஆணி ஆணியாகக் கழற்றி, வெள்ளை காய்ந்ததும் ஆணி ஆணியாக மறுபடி மாட்டுவாய்.

உட்காரும் இடத்தையும் மாற்றிக்கொண்டாய். நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து கிச்சன் நிலைப்படிக்குப் போய்விட்டாய். நிலைப்படியில் உட்காரக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று என் தங்கை சொன்னாள். உடனே கதவுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டெல்லாம் அதற்குப் பிறகு அந்த ஸ்டூலிலிருந்துதான். பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாய். இங்கே வந்து காற்றாட உட்கார் என்று கூப்பிடுவேன். வேலை இருக்கிறது என்பாய். விரலை நீட்டித் தபேலா இங்கே, வயலின் அங்கே என்று காட்டுவதையும் நிறுத்திவிட்டாய். வயசாகிவிட்டது, பழகிப் போன பாட்டு சலித்துவிட்டது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் அந்த நாட்களில்தான் ஆரம்பித்தது. என்னிடம் பேச வேண்டும் என்றால் முதலில் வந்து என் சட்டைக் கையை ஒரு இழுப்பு இழுப்பாய். இடது கை. பிறகுதான் பேச்சு. ரோட்டில் நடந்தாலும் இடது பக்கம், கடற்கரைப் பாறையில் உட்கார்ந்தாலும் இடது பக்கம். நான் இன்னா வயரா என்று ஒரு நாள் கேட்டேன்.

"கயண்டு பூடப் போறியோனு பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தாய்.

கடைசியில் கழன்று போனது யார்? சொல். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலுக்கு நான் வலது பக்கம் போய் நின்றேன். நீ கையைக் காட்டி, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வா என்றாய். அந்த நிலைமையிலும் என்ன அதிகாரம் என்று நினைத்தேன். வந்ததும் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாய். இழுப்பில் பலமே இல்லை. வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்தாயா என்று கேட்டாய். அவ்வளவுதான் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது.

நீ போன பிறகு அந்த மாடி வீட்டில் தனியாகக் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தேன். வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். கவிதா வந்து கூப்பிட்டாள், மாப்பிள்ளையும் வந்து கூப்பிட்டார். சாமான்களை எல்லாம் யார் யாருக்கோ கொடுத்தேன். பீரோ என் தங்கை வீட்டுக்குப் போயிற்று. செட்டை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். உன் ஸ்டூலையும். நீள வயரை ஆணி ஆணியாகக் கழற்றியவன் நான்தான். எத்தனை வருஷம் பிடுங்கிப் போடு என்று கத்தினேனோ, அந்த வயர் கையில் வந்ததும் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். நான் வருவதற்குள் டி.வி.க்கு இரண்டு பக்கமும் பெட்டிகளை வைத்து, புது வயர் வாங்கி, ரெண்டையும் ஒரே அளவில் நறுக்கி, வெளியே தெரியாமல் குழாய்க்குள் விட்டு மாட்டியிருந்தார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, எல்லாம் சரி. பழைய வயரைக் குப்பையில் போடலாமா மாமா என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அப்போது எனக்கு அதற்குக் காரணம் எதுவும் தெரியாது, வீம்புதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன். போனிலிருந்து ஆம்ப்ளிக்கு ஒரு வயரைச் சொருகி, கவிதா நம் பாட்டைப் போட்டாள். பாட்டில் பாதி இல்லை. தபேலா இருக்கிறது. குரல் இருக்கிறது, ஆனால் மங்கல். வயலின் எங்கேயோ தெருக்கோடியில் வாசிக்கிற மாதிரி. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினாள். இருந்தது பெரிதாயிற்றே தவிர, இல்லாதது வரவில்லை.

அவள் நகர்ந்ததும் டி.வி.க்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கிளிப்புகளை ஒவ்வொன்றாக உருவி மறுபடி சொருகினேன். இழுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் குறை என்னிடம். இருக்கிற ஒரு காதும் போகிறது.

அந்த வாரம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இடது காதும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? இந்த வீட்டில் எல்லாரும் வாயை அசைப்பார்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பாட்டு போகும். கவிதா நைனா என்று கூப்பிடுவது போகும். அவளுக்கு உன் குரல் அப்படியே இருக்கிறது தெரியுமா? கிச்சனில் அவள் போனில் பேசும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அதுவும் போய்விடும். உன்னை ரெண்டாவது தடவை பறிகொடுக்கப் போகிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் போகலாமா என்று கவிதா கேட்டாள். பித்தம் என்றேன்.

நேற்று சாயங்காலம் டீயைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, என் இடது பக்கமாகச் சோபாவில் உட்கார்ந்தாள். சட்டைக் கையை ஒரு இழுப்பு இழுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீதான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

"நைனா, பாட்டு சரியா கேக்கலியா உனுக்கு?"

கேட்கிறதே என்றேன்.

"எப்டி கேக்கும்? ஒரு பொட்டி வலது பக்கமா கீதே. அந்தக் காது தான் உனுக்கு கேக்காதில்ல."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, பாவம், உனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்கிறது. அம்மாதான் என்றாள். அவள் ஸ்கூலில் படிக்கும்போதே நீ சொல்லி வைத்திருக்கிறாய். நைனாவிடம் பேசினால் இந்தப் பக்கம் போய்ப் பேசு, சட்டையை இழுத்துவிட்டுப் பேசு, காதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. என் தங்கைக்கும் சொல்லியிருக்கிறாய். மாப்பிள்ளைக்குக்கூடக் கல்யாணம் பேசும்போதே தெரியுமாம். மறந்துவிட்டுத்தான் பெட்டியை அங்கே வைத்திருக்கிறார். ஊருக்கே தெரிந்த ரகசியத்தை நான் அத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறேன்.

"அம்மா ஒரே ஒரு தபா தான் சொல்ச்சி. 'நமக்கு தெரிஞ்ச மாதிரி அவராண்ட காட்டிக்கினா, மனுஷன் தல குனிஞ்சிடுவாரு'னு."

அவள் எழுந்து போனாள். அப்போதுதான் அந்த ஜன்னல் நினைவுக்கு வந்தது. கை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடலாம். அந்தச் சந்தில் வெயிலே விழாது. சாரல் எங்கிருந்து அடிக்கும்? எந்த மழைக்காவது அந்த ஜன்னலோரம் நனைந்திருக்கிறதா? அந்த வீட்டில் அவ்வளவு வருஷம் குடியிருந்தும் ஒரு நாள் எனக்கு அது தோன்றவில்லையே. நீ சொன்னால் சரி என்று எடுத்துக்கொண்டேன். அல்லது நான் கேட்டுவிடக் கூடாது என்று எனக்கே பயமோ என்னமோ.

என் காதுக்கு வைத்தியம் எதுவும் இல்லை, அது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் வயலினைத் தூக்கி என் நல்ல காதுப் பக்கம் வைத்தாய். ஆணி அடித்து, டேப் ஒட்டி, என் வாயால் திட்டு வாங்கிக்கொண்டு. இதுதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. தெரிந்துவிட்டது எனக்கு. தாமதமாகத்தான் தெரிந்தது.

இன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்து நீள வயரை எடுத்தேன். கவிதா வீட்டிலும் கிச்சன் கதவு ஹாலின் இடது பக்கம்தான். புதுசாகப் பெயின்ட் அடித்த சுவர், ஆணி அடிக்கட்டுமா என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. மாப்பிள்ளையே சுத்தியைக் கொண்டு வந்து, மன்னிச்சிடுங்க மாமா, மறந்தே போச்சு என்று சொல்லி ஸ்டூல் மேல் ஏறினார். உன் ஸ்டூல். வயர் கதவுக்கு மேலே, சுவரோடு, அந்தப் பக்கம் கீழே, கடைசியில் என் நாற்காலிக்கு இடப்பக்கம் அந்த வலது பக்கத்துப் பெட்டி. வயரின் அளவு அந்தச் சுவருக்குச் சரியாக வந்தது, கொஞ்சம் மிச்சம்கூட.

வெள்ளிக் கம்பி எதற்கு, செம்புக் கம்பி எதற்கு என்று பார்த்து, முறுக்கி, ஒரு நூலும் வெளியே நீட்டாமல் சொருகினேன். கவிதா பாட்டைப் போட்டாள். வயலின் வந்தது. தெருக்கோடியிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. காது போகவில்லை. என் காது இருக்கிறது! நான் முகத்தைத் துடைத்துக்கொண்டதை மாப்பிள்ளை பார்க்காத மாதிரி போய்விட்டார். நீ பழக்கிய வீடு.

அதற்குப் பிறகு ஒன்று தோன்றியது. அதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும். எனக்காக ரெண்டு பெட்டியையும் ஒரு பக்கமாகத் தள்ளினாயே, அன்றைக்கு என் நாற்காலிக்குப் பக்கத்தில் உனக்கு நடு போய்விட்டதே? நடுவில் ஆள் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று சொன்னவள் நீ. விரல் நீட்டிக் காட்டுவதை நிறுத்தியது சலித்துப்போய் அல்ல. எனக்குக் காட்டினால் எனக்கு அது கேட்காது என்று தெரிந்துதான்.

அந்த ஸ்டூல்? ரெண்டு பெட்டிக்கும் நடுவில்தானே கிச்சன் கதவு. வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தது, ஆள் அங்கே வந்து நிற்கிறார் என்றா? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் பூண்டு உரித்தாய் என்றால் என்னால் தாங்க முடியாது.

நானே எழுந்து போய் இங்கே கதவண்டை நின்று பார்த்தேன். அங்கே நின்றேன், இங்கே நின்றேன், ஒன்றும் தெரியவில்லை. ஒற்றைக் காதுக்கு நடு என்பதே கிடையாது போலிருக்கிறது. கவிதாவைக் கூப்பிட்டேன். என்ன தேடுகிறேன் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையில் கரண்டியோடு மெல்ல மெல்ல நடந்தாள். கதவைத் தாண்டி உள்ளே ஓர் அடி வைத்து, ஃப்ரிஜ் பக்கத்தில் நின்றாள். தலையைச் சாய்த்தாள், உன்னை மாதிரியே.

"இங்க தான் நைனா. நடுவுல வந்து நின்னுட்டாரு."

உன் ஸ்டூலை அங்கே போட்டிருக்கிறேன். கொஞ்சம் இடைஞ்சல்தான். மாப்பிள்ளை தண்ணீர் எடுக்க வந்தால் அதை நகர்த்தி ஃப்ரிஜைத் திறக்கிறார், குடித்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார். யாரும் அதில் உட்காரவில்லை.

எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு, ஆம்ப்ளிக்குப் பின்னால் கையை விட்டு நாலு கம்பியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, வலது கையால் என் இடது சட்டைக் கையைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.